இறங்குதுறை இராஜதந்திரி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஆழம் குறைந்த கடலில் சிதறிக் கிடக்கும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளின் தொகுதி தீவகம் என்று வழங்கப்படுகிறது. இத்தீவகத்தின் பனைகளைப் பற்றியும், கோயில்களைப் பற்றியும், நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். ஆயினும் அவற்றுக்குச் சற்றும் குறையாமல் அங்கே செழித்து வளரும் இறங்குதுறை இராஜதந்திரி என்னும் மனித வகைக்கு உரிய கவனம் இன்னும் கிட்டவில்லை. இறங்குதுறை என்பது படகில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமென்று கட்டப்பட்ட துறை. இறங்குதுறை இராஜதந்திரி என்பவர், அத்துறையில் படகு வரும்வரை உள்ள இடைவேளையில், உலக நாடுகளுக்கிடையே எழும் பிணக்குகள் யாவற்றையும் தீர்த்துவைப்பவர். இப்பணிக்கென எந்த அரசும் அவருக்கு நியமனக் கடிதம் வழங்கியதில்லை. ஓய்வூதியம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வருகிறது.

இவ்வகையினரைக் காண்பதற்கு மிகப் பொருத்தமான இடம் புங்குடுதீவின் மேற்கு அந்தத்திலுள்ள குறிகட்டுவான் ஆகும். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வரும் பேருந்து இங்கே நின்றுவிடுகிறது; இதற்கப்பால் நயினாதீவுக்குக் கால் மணி நேரமும் நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமும் கடலில் செல்ல வேண்டும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று படகுகளுக்கு வாய்த்த பெயர்கள் அழகானவை. ஆனால் அவை ஓடுவதும் ஓடாமல் விடுவதும் காற்று, எரிபொருள், திருத்த வேலை ஆகிய மூன்றின் திருவுளத்தைப் பொறுத்தவை. எனவே தீவக வாழ்வில் கணிசமான பகுதி காத்திருப்பதில் கழிகிறது. காத்திருப்பவர்களுக்குப் பாலில்லாத தேநீராகிய பிளேன்ரீயும் வாய்ப்பனும் வேண்டியிருப்பதால் தேநீர்க்கடை தோன்றியது. தேநீர்க்கடை தோன்றிய இடத்தில் வாங்கு ஒன்று போடப்பட்டது. வாங்கு போடப்பட்ட மறுகணமே இராஜதந்திரி அதில் அமர்ந்துவிட்டார் என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, தபாலதிபராகவோ, தென்னிலங்கையில் நீண்டகாலம் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவராகவோ இருப்பார். சட்டைப் பையில் பேனையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருக்கும். கையில் இருக்கும் பத்திரிகை பெரும்பாலும் கடைக்காரருடையது. இந்தப் பத்திரிகை கடைக்கு வந்துசேரும்போது ஒன்றாக இருக்கும். அரை மணி நேரத்தில் நான்காகப் பிரிந்து நான்கு கைகளுக்குப் போய்விடும். விளையாட்டுப் பக்கம் பெடியன்களுக்கும், விளம்பரப் பக்கம் காணி விற்க நினைப்பவருக்கும், வெளிநாட்டுச் செய்திப் பக்கம் எதிர்ப்பேச்சில்லாமல் இராஜதந்திரிக்கும் சேரும். ஆனால் அப்பக்கத்தை விரிப்பதற்கு முன்பு, யாரும் பார்க்கவில்லை என்ற துணிவில், மரண அறிவித்தல் பக்கத்தை அவர் மேலிருந்து கீழாக ஒரு தடவை ஓட்டிவிடுவதுண்டு. "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் பாரிசை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும் அறிவித்தல்களில் தம்மோடு படித்தவர் எவரும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே அவர் உக்ரைனுக்குச் செல்வார்.

இவ்வளவு தூரத்துச் செய்தியில் இவ்வளவு ஈடுபாடு ஏன் என்று வெளியூரார் வியப்பதுண்டு. அவர் அதற்கு வரலாற்றைக் கொண்டே விடையளிப்பார். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் வேலணைக்கு லைடன் என்றும் காரைதீவுக்கு, அதாவது இன்றைய காரைநகருக்கு, அம்ஸ்ரடாம் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினர்; ஆகவே உலகம் தீவகத்தைத் தேடி வந்ததேயன்றித் தீவகம் உலகத்தைத் தேடிப் போகவில்லை என்பது அவருடைய முதல் சூத்திரம். உண்மையில் இப்பழக்கத்துக்கு இதைவிட அண்மையான காரணம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் செய்தி கேட்பது பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1990இல் தீவகத்துக்குள் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது பெருந்தொகையான மக்கள் வீடுவாசலை விட்டுக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். மின்சாரமும் மின்கலமும் இல்லாத அக்காலத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைச் சுழற்ற, அதன் டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசையையும் பிலிப்பைன்ஸிலிருந்து ஒலித்த வெரித்தாஸையும் கேட்டார்கள். சுழற்றியவரின் கை ஓய்ந்தால் செய்தியாளரின் குரலும் ஓய்ந்தது. அன்று எந்தத் தெருவால் போகலாம் என்று அறிவதற்காகக் காதை வானொலியில் வைத்தவர்கள், தெரு திறந்த பின்னும் காதை எடுக்கவில்லை. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. அன்று அவர் வீட்டில் ஏறக்குறைய துடக்குக் காக்கப்பட்டது.

அவருடைய ஆய்வுமுறை எளிமையானது. உலகில் நடக்கும் எதுவும் தானாக நடப்பதில்லை. நடந்ததாகச் சொல்லப்படுவது ஒன்று, நடந்தது வேறொன்று. இரண்டுக்கும் பின்னால் ஒருவன் நிற்கிறான். "உது சும்மா இல்லைக் காணும், உதுக்குப் பின்னாலை ஆள் நிக்குது" என்ற ஒரு வாக்கியத்தால் அவர் 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனதையும், 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 என்னும் கப்பல் அங்கே வந்து நின்றதையும், பக்கத்து வீட்டுக்காரர் மதில் கட்டத் தொடங்கியதையும் விளக்கிவிடுவார். இம்முறையில் உள்ள பெரிய வசதி, இது ஒருபோதும் பிழைப்பதில்லை என்பதாகும். ஆளைக் காணவில்லை என்றால், அது அவன் நன்றாக மறைந்து நிற்பதற்கான சான்று.

இவ்வாறான ஒருவரை எள்ளி நகையாடுவது இலகு. ஆனால் அவருடைய வாழ்நாளில் ஒரு தடவை உலகம் அப்படியே அவர் சொன்ன வழியில் வந்து நின்றது என்பதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றையும் சூரிய ஒளியையும் மின்கலத்தையும் டீசல் இயந்திரத்தையும் இணைத்து மின்சாரம் பெறுவதற்கான திட்டம் ஒன்று, கலப்பு மின்னுற்பத்தி என்ற பெயரில், 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. நெடுந்தீவிலிருந்து இராமேஸ்வரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலேயே இருப்பதால் இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில், மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனையால் வேலை இடைநிறுத்தப்படுவதாகச் சீனத் தூதரகம் அறிவித்ததோடு, மாலைதீவின் பன்னிரண்டு தீவுகளில் சூரிய மின் நிலையங்களை அமைக்க ஒப்பந்தமாகியிருப்பதையும் சேர்த்துச் சொன்னது. அதே மாதத்தில் சீனத் தூதுவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மேலாடை களைந்து வேட்டியுடன் நல்லூர்க் கந்தனைத் தரிசித்தார். 2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளின் திட்டத்துக்கு இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாகி, 2024 மார்ச்சில் 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையில் இந்திய நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சிகள் இறங்குதுறை வாங்கில் உண்டாக்கிய பெருமிதத்தை அளவிட முடியாது. உலக வரைபடத்தில் மூக்குக்கண்ணாடி போட்டும் தென்படாத அனலைதீவுக்காக இரண்டு வல்லரசுகள் மல்லுக்கு நிற்பதென்பது, அவர் நாற்பது வருடமாகச் சொல்லிவந்ததற்குக் கிடைத்த சான்றிதழ். தூதுவர் வேட்டி கட்டிய படத்தைக் கைப்பேசியில் விரித்துக் காட்டி, வேட்டியின் கரையிலிருந்துகூட அரசியல் பொருள் எடுத்தார் அவர். கடையில் பலகாரம் சுடும் அம்மா மட்டும், சீனன் தந்தாலென்ன இந்தியன் தந்தாலென்ன, கரண்ட் எப்ப வரும், அலகுக்கு என்ன கணக்கு என்று கேட்டார். அக்கேள்வி தொழில்நுட்பம் சார்ந்தது என்று கருதி அவர் விட்டுவிட்டார்.

இங்கேதான் இவ்வகையினரின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது. உலகச் செய்தி தீவுக்கு வந்துசேரும்போது அது விலையாகவே வந்துசேர்கிறது. அவரோ அதைக் கொள்கையாக மட்டுமே வரவேற்பார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழை வள்ளங்களை அந்த எண்ணெயில் ஓட்டும் தொழிலாளர்கள் கரையில் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கு அவர் ரஷ்யாவின் குழாய்ப்பாதைகள் ஐரோப்பாவில் எவ்வழியாகச் செல்கின்றன என்பதை மணலில் கீறிக் காட்டினார். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதத் தீர்வை அறிவித்தபோது, ஏற்றுமதிக்கு நண்டு பிடிக்கும் இளைஞர் ஒருவர், "மாஸ்ரர், இனி நண்டை என்ன விலைக்கு எடுப்பாங்கள்?" என்று கேட்டதற்கு அவர் தந்த விடை, இவ்வகையினரின் மனநிலையை ஒரே வரியில் அடக்கிவிடுகிறது: "தம்பி, நீர் நண்டைப் பாக்கிறீர், நான் சீனாவைப் பாக்கிறன்." அத்தீர்வை பின்னர் 20 வீதமாகக் குறைந்தபோது, அதையும் தாம் அன்றே சொன்னதாக அறிவித்தார். அன்று சொன்னதற்குச் சாட்சியாக இருந்தவர் நண்டு வலை இழுக்கப் போயிருந்தார்.

கச்சதீவுப் பேச்சு எழும்போது அவர் சற்று நிமிர்ந்து உட்கார்வார். குடிநீரும் குடியிருப்பும் இல்லாத, அந்தோனியார் கோயில் திருவிழாவின்போது மட்டும் சனம் திரளும், 285 ஏக்கர் அளவேயான அந்தத் தீவு 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் இலங்கைக்குரியதென ஏற்கப்பட்டது. நிருவாகத்தில் அது நெடுந்தீவுப் பிரதேச செயலர் பிரிவுக்குள் அடங்குவது. ஆகவே 2024ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தல் காலத்தில் புதுதில்லித் தலைவர்கள் கச்சதீவைப் பற்றி வாதிட்டபோது, தமது தீவகத்துப் பிரதேச செயலர் பிரிவொன்றைப் பற்றித் தம்மைக் கலந்துகொள்ளாமல் பேசுகிறார்களே என்ற மனக்குறை அவருக்கு உண்டாயிற்று. ஆனால் கச்சதீவிலிருந்து பேச்சு மெல்ல மீன்பிடிக்குத் திரும்பினால் அவருடைய குரல் தாழ்ந்துவிடும். இழுவைமடி என்பது கடலடியை வாரிக்கொண்டு வரும் வலை. இலங்கையில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதைக் கட்டியிழுத்துக்கொண்டு தமிழ்நாட்டு விசைப்படகுகள், ஊர்ப்பேச்சில் 'ரோலர்கள்', இரவில் கரைக்கு அண்மையாக வந்துபோகும்போது தீவக மீனவரின் வலைகள் அறுகின்றன. வலை அறுந்தவனும் தமிழன், அறுத்த படகில் கூலிக்கு நிற்பவனும் தமிழன். பின்னால் நிற்கும் ஆளைத் தேடும் அவருடைய முறை இவ்விடத்தில் திணறுகிறது. கொழும்பும் தில்லியுமே காரணம் என்று முணுமுணுத்துவிட்டு, தேநீர் ஆறிவிட்டதாகக் கடைக்காரரைக் கடிந்துகொள்வார். அவர் அறிந்தே மௌனம் காக்கும் ஒரே விவகாரம் இதுதான். ஒருவேளை அவர் உண்மையாக விளங்கிக்கொண்ட ஒரே விவகாரமும் இதுவாக இருக்கலாம்.

தீவகத்தார் சுவிஸிலும் பிரான்சிலும் கனடாவிலும் பெருந்தொகையாக வாழ்வதால், அவருடைய செல்வாக்குக் கடல் கடந்தும் பரவியிருக்கிறது. சூரிச்சில் இரவு வேலை முடித்து வந்து, அப்பா மாத்திரை போட்டாரா என்று அறிய அழைக்கும் மகனுக்கு, சுவிற்சர்லாந்தின் நடுநிலைமைக் கொள்கை ஆட்டங்கண்டுவிட்டது என்று அவர் எச்சரிக்கை செய்வார். மகன் ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டே உறங்கிவிடுவதை, உடன்பாடு என்று அவர் எடுத்துக்கொள்வார்.

கிராம அலுவலர், ஊர்ப்பேச்சில் விதானையார், கூட்டும் கூட்டங்களிலும் அவருக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. துறைமேடையில் எரியாத விளக்கைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று விதானையார் வேண்டும்போது முதலில் எழுபவர் அவரே. விளக்கில் தொடங்கி எரிபொருளுக்குப் போய், எரிபொருளிலிருந்து செங்கடலுக்குப் போய், ஹூதிகளுக்கு எதிராகக் கப்பல் அனுப்பப்போவதாக 2024 ஜனவரியில் இலங்கை அறிவித்ததன் உட்பொருளை அவர் அவிழ்த்துக்கொண்டிருக்க, பின்வரிசையிலிருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி கொப்பித்தாள் ஒன்றில் விளக்குக்கான கோரிக்கையை எழுதி, ஒவ்வொருவராகக் கையொப்பம் வாங்கி, பேச்சு முடிவதற்கு முன்னரே விதானையாரிடம் கொடுத்துவிடுவார். அத்தாளில் முதலாவது கையொப்பம் இராஜதந்திரியுடையதாகவே இருக்கும். பேச்சை நிறுத்தாமலே போட்டது.

குறிகட்டுவானுக்குச் செல்லும் வாசகர்கள் அவரைத் தவறாமல் சந்திக்க வேண்டும்; ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தால் ஹோர்முஸ் நீரிணை முதல் மலாக்கா நீரிணை வரை எதைப் பற்றியும் விரிவாகக் கேட்டறியலாம். நெடுந்தீவுப் படகு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் பலகாரம் சுடும் அம்மாவிடம் கேட்டுக்கொள்வது நல்லது.