ஸ்ரீ சிட்டி உண்ணிலக்கணம்

எங்கே சாப்பிடலாம், எங்கே குடிக்கலாம், எங்கே சுற்றலாம் என்று பட்டியல் போடுகிறவர்கள் இப்போதெல்லாம் நட்சத்திரம் எண்ணுகிறார்கள். எழுத்தும் சொல்லும் புணர்ச்சியும் கையில் இருக்கும்போது நமக்கு நட்சத்திரம் எதற்கு? ஆகவே சென்னைக்கு வடக்கே 55 கிலோமீட்டரில், திருப்பதி மாவட்டத்தின் சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கம் விரிந்து கிடக்கும் ஸ்ரீ சிட்டிக்கு முறைப்படி ஓர் இலக்கணம் செய்யத் துணிந்தேன். சூளூர்ப்பேட்டை மின்சார ரயிலில் ஏறித் தடாவில் இறங்கியதே என் கள ஆய்வு.

முதலில் தடையும் விடையும். “அது தொழிற்பேட்டை ஆயிற்றே, அங்கே தின்ன என்ன இருக்கிறது?” என்பாரும் உளர். அவர்க்கு விடை: 2015இல் பெப்சிகோவின் குளிர்பான ஆலை, 2016இல் மாண்டலீஸின் கேட்பரி சாக்லேட் ஆலை, அதே ஊரில் கெலாக்ஸ். சாப்பிட்டபின் பல் துலக்க வேண்டுமே என்று கோல்கேட்டும் உண்டு. காலைச் சோற்றிலிருந்து டூத்பிரஷ் வரை ஊருக்கெல்லாம் அனுப்பும் ஊரில் தனக்கென்று இலை போடும் இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. மதிலுக்கு வெளியே பெட்டிக்கடை ஜாடியில் அதே சாக்லேட் இருக்கிறது. எந்தெந்தக் கிடங்கெல்லாம் சுற்றிவிட்டு வந்ததோ.

உண்ணிடம் ஐவகைப்படும். அவை உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம், குற்றியலுகரம் என்க. இவற்றில் பின் மூன்றும் சார்பெழுத்து அல்லவா என்று நன்னூல் படித்தவர்கள் கொதிப்பார்கள். கொதிக்கட்டும், அதற்குள் டீ ஆறிவிடும்.

உயிராவது டீக்கடை. தானே இயங்கும், பிறவற்றையும் இயக்கும். அங்கே குடிக்கும் டீ மாத்திரையால் வேறுபடும். கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டபடி குடிப்பது குறில். பஸ்ஸை விட்டவன் குடிப்பது நெடில். கண்டெய்னர் லாரி ஓட்டுநர் கேட்டுக்குள் கூப்பிடும்வரை குடிப்பது அளபெடை. டீ தீர்ந்து வெகுநேரமாகியும் கிளாஸைக் கீழே வைக்கமாட்டார்.

மெய்யாவது கேண்டீன். தனித்து இயங்காது. மெய்க்குத் தலையில் புள்ளி. கேண்டீனுக்குப் போகிறவர் கழுத்தில் அட்டை. ஓர் ஆலை வாசலில் புள்ளியில்லாமல் நுழையப் பார்த்தேன். “எந்தக் கம்பெனி?” என்றார் காவலர். “நன்னூல்” என்றேன். யோசித்துவிட்டு, “அந்தப் பேரில் இங்கே யூனிட் இல்லை சார்” என்றார், மிகுந்த மரியாதையுடன்.

குற்றியலுகரமாவது தள்ளுவண்டி. சொல்லின் ஈற்றில் வல்லினத்தை ஊர்ந்து தன் அளவில் குறைந்து ஒலிப்பது குற்றியலுகரம். இவ்வண்டியோ ஷிப்டின் ஈற்றில், கட்டுமஸ்தான ஆட்களை நம்பி, பத்தே நிமிடம் ஒலிக்கும். பஜ்ஜி, போண்டா, அவித்த முட்டை. பஸ் கிளம்பியதும் வண்டியும் இல்லை, வாசனையும் இல்லை.

உயிர்மெய்யாவது மெஸ். தமிழும் தெலுங்கும் பிரிக்க முடியாமல் கலந்த இடம். இதை விளக்கப் புணரியல் வேண்டும்.

ஆரம்பாக்கம் நிலைமொழி, தடா வருமொழி. இடையே சோதனைச்சாவடி. 1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் தீர்ப்பை ஒட்டி எல்லை மாறியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போய் சத்தியவேட்டுப் பக்கம் சேர்ந்தன. கோடு போட்டவர்கள் மொழியைக் கணக்கில் எடுத்தார்கள். சாம்பாரை யாரும் கேட்கவில்லை. அதனால் இன்றும் அங்கே ஒரே பந்தியில் ஒருவர் “இன்னும் கொஞ்சம் சோறு” என்பார், அடுத்தவர் “அன்னம்” என்பார். பரிமாறுகிறவர் இருவருக்கும் ஒரே அன்னக்கையால் போடுவார்.

இப்புணர்ச்சியில் விகாரம் மூன்று. தோன்றல்: சோறு விழுந்ததுமே, கேட்காமலே, கந்திப்பொடியும் நெய்யும் தோன்றும். திரிதல்: பருப்பு பப்பாகவும், குழம்பு புளுசாகவும், ரசம் சாருவாகவும், புளிச்சக்கீரை கோங்கூராவாகவும் திரியும். கெடுதல்: இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கெட்டு, அந்த இடத்தில் செந்நிறமாய் ஒன்று வரும். என்னவென்று கேட்டேன். “பல்லிச் சட்னி” என்றான் பையன். கை அப்படியே நின்றுவிட்டது. தெலுங்கில் பல்லி என்றால் வேர்க்கடலை என்று எதிரே இருந்தவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. வறுத்த கடலையும் காய்ந்த மிளகாயும் புளியும் சேர்த்து அரைத்தது. நான்கு இட்லிக்கு மூன்று தடவை வாங்கினேன். தேங்காய்க் கட்சியில் பிறந்தவன் சொல்கிறேன், அது மேலானது.

ஆய்தம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேலே ஒரு பாட்டில், கீழே இரண்டு டம்ளர்: வடிவே காட்டிக்கொடுக்கும். குறிலுக்குப் பின்னும் வல்லினத்துக்கு முன்னும் வருவது ஆய்தம்; இதுவும் சின்ன அளவில் தொடங்கி வல்லெழுத்துப் பேச்சில்தான் முடியும். ஆந்திரத்தில் 2019 முதல் அரசே நடத்திவந்த கடைகள் 2024 அக்டோபரில் மறுபடி தனியாரிடம் போயின. ஆகவே தனிநிலை என்ற பெயரும் பொருந்தும்.

இனிச் சுற்றும் இடங்கள். இவை காலத்தால் அறியப்படும். உப்பலமடுகு அருவியை நம் பையன்கள் தடா அருவி என்பார்கள். நவம்பரில் அது விழுகிறது, மே மாதத்தில் விழுந்தது, செப்டம்பரில் விழும். எக்காலத்திலும் வழுக்கும் என்பது புறனடை. பழவேற்காடு ஏரியில் குளிர்காலத்தில் வரும் பூநாரைக்கு ஒருமை கிடையாது. வந்தால் கூட்டமாகத்தான், நீரில் கால் நட்டு, தலைகீழாய் அலகைக் கவிழ்த்துச் சேற்று நீரை வடிகட்டித் தின்னும். ஐந்து வகைக்குள்ளும் அடங்காத உண்ணிடம் அது ஒன்றே.

குடித்தலுக்கும் ஒரு தலம் உண்டு. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆரணி ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. பாற்கடல் நஞ்சைக் குடித்த சிவன் அயர்ந்து, அம்பிகை மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். பள்ளிகொண்டீஸ்வரர் என்று பெயர். பெரும்பாலான தலங்களில் லிங்கமாக நிற்பவர் இங்கே கால் நீட்டிக் கிடக்கிறார். தேவர்கள் சுற்றிலும் காத்து நிற்கிறார்கள், யாரும் எழுப்புவதில்லை. பிரதோஷத்தன்று போனால் கூட்டம் தாங்காது. வேறொரு நாள், வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். வரும் வழியில் பல்லிச் சட்னி கிடைத்தால் தயங்க வேண்டாம்.