காபிக் கணக்கு: எஸ்போவிலிருந்து மயிலாப்பூருக்கு

மயிலாப்பூர், மாட வீதி, பெரியப்பா அவர்களின் மேலான கவனத்திற்கு:

பின்லாந்து நாட்டின் எஸ்போ நகரில் குடியேறியுள்ள தம்பி மகன் அளவுக்கு மீறிக் காபி குடிக்கிறாரா என்று பெரியப்பா சென்ற கடிதத்தில் எழுப்பிய வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறுவதற்கு முன், எந்த ஊர் அளவை வைத்து அளப்பது என்பதை முடிவு செய்துகொள்வது இன்றியமையாததாகிறது.

மயிலாப்பூரில் காபி எண்ணப்படுவது டம்ளரைக் கொண்டன்று, சந்தர்ப்பத்தைக் கொண்டு. விடியற்காலையில் நாளிதழுடன் அருந்தப்படுவதும் பிற்பகல் மூன்று மணிக்கு அருந்தப்படுவதும் மட்டுமே பேரேட்டில் ஏறுகின்றன. டிபனுக்குப் பின் வருவது டிபனின் பகுதியாகவும், வந்தவருக்குத் துணையாக அருந்துவது உபசாரமாகவும், பாண்டி பஜார் சென்று திரும்பும் வழியில் ஓட்டலில் ‘ஒன் பை டூ’ சொல்லி, அதாவது ஒரு காபியை இரு டம்ளர்களில் பகிர்ந்து, குடிப்பது சிக்கனமாகவும், அடையாறு காந்தி நகர் உறவினர் வீட்டில் மறுக்க இயலாமல் பெற்றுக்கொள்வது பந்துத்துவமாகவும் கொள்ளப்படுவதால், இவற்றுள் எதுவும் காபி ஆகாது. ‘ஒரு வாய்’ என்று கேட்டு வாங்கப்படுவதற்குக் கணக்கே கிடையாது. டிசம்பர் சீசனில், மிருதங்க வித்துவான் தனித்து வாசிக்கும் பகுதியான தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் எழுந்து சபா கேன்டீனை நோக்கி நடப்போரின் காபி, முறைப்படி சங்கீதச் செலவில் சேர்க்கப்பட வேண்டியதாகும்.

பின்லாந்தியரோ மறைப்பதில்லை. அந்நாட்டில் ஆண்டுக்கு ஆள் ஒருவருக்கு ஏறத்தாழ 10 கிலோ காபிக்கொட்டை செலவாகிறது. இந்தியச் சராசரி 100 கிராமைக்கூட எட்டுவதில்லை. காபி இடைவேளை அங்குத் தொழிற்சங்க ஒப்பந்தங்களிலேயே எழுதப்பட்டிருப்பதால், இடைவேளையில் காபி வேண்டாம் என்பவரிடம் உடல்நலம் விசாரிக்கப்படுகிறது. ஆயினும் கொட்டையை இளவறுப்பாக வறுத்து, காகித வடிகட்டியில் வடித்து, பலர் பாலின்றியே அருந்தும் அப்பானம், மயிலாப்பூரில் எதிர்பாராமல் வந்த விருந்தினருக்கென ஒதுக்கப்படும் இரண்டாம் டிகாக்‌ஷனை, அதாவது வடித்த பொடியிலேயே மீண்டும் வெந்நீர் ஊற்றி இறக்கிய சாற்றை, நினைவூட்டுகிறது என்பது தம்பி மகனின் பணிவான கருத்து. சிக்கரி என்னும் வறுத்த கிழங்குப் பொடியை அங்கு விரும்புவார் அரியர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காபி ரேஷனில் வந்து, அக்கட்டுப்பாடு 1954இல்தான் முற்றிலும் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் சிக்கரியும் வறுத்த தானியங்களுமே காபிக்கு மாற்றாயின. எனவே அந்நாட்டு முதியவர் ஒருவருக்குச் சிக்கரி கலந்த கும்பகோணம் காபியைக் கொடுத்தால், அதை விருந்தென்று எண்ணுவாரா, ரேஷன் திரும்பிவிட்டதென்று அஞ்சுவாரா என்பது ஆய்வுக்குரியது.

அறிவியலார் டம்ளரையும் எண்ணுவதில்லை, சந்தர்ப்பத்தையும் எண்ணுவதில்லை. காபியில் உறக்கத்தை விரட்டும் பொருளாகிய காஃபீன், நலமுள்ள வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையிலும், கருவுற்ற பெண்களுக்கு 200 மில்லிகிராம் வரையிலும் கவலைக்குரியதன்று என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. ரோபஸ்டாக் கொட்டையில் காஃபீன் அரபிகாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சிக்கரியில் அறவே இல்லை. இந்தியச் சட்டமோ காபி–சிக்கரிக் கலவையில் 49 விழுக்காடு வரை சிக்கரியை அனுமதிக்கிறது. ஆகவே கலப்படமென்று பெரியப்பா வெறுத்தொதுக்கும் பொடியைக் குடிப்பவர், அவர் போற்றும் கலப்பில்லாப் பொடியைக் குடிப்பவரைவிட இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடித்தும் நிரபராதியாகலாம். உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிப்பதால், மூன்று மணிக் காபியின் பாதி இரவு எட்டு மணிக்கும் பணியில் இருக்கிறது. பெரியப்பாவின் தூக்கமின்மைக்குத் தெருநாய்களை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று.

சூட்டின் மிகுதி தனி விஷயம். 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தப்படும் பானங்கள் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. காபியை அந்த ஐயத்திலிருந்து விடுவித்ததும் அதே அறிக்கைதான். கொதிக்கக் கொதிக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்று, பிறகு டபராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் வழக்கத்தை முரண்பாடு என்று நகைத்தோர் இனியேனும் அடங்க வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் காட்டுவதுபோல, காலையில் நீராகாரத்தின் இடத்தைக் காபி பிடித்துக்கொண்ட தொடக்க நாட்களில் அதைத் தீய பழக்கமென்று கண்டித்தோர் பலர். அவர்தம் கணக்கில் முதல் டம்ளரே மிகுதி.

மேற்கண்ட எல்லா அளவுகோல்களின்படியும் தம்பி மகன் எஸ்போவில் மிதவாதியாகவும், மயிலாப்பூரில் கண்டிக்கத்தக்கவராகவும் கருதப்படுவார். அடுத்து அந்நாட்டிற்குப் புறப்படும் உறவினரிடம் எண்பதுக்கு இருபது கலவையில் பொடி அரை கிலோ கொடுத்தனுப்புமாறு வேண்டப்படுகிறது. பெரியம்மாவின் பேரேட்டில் பெரியப்பா நாளுக்கு இரண்டு டம்ளர்க்காரர் என்றே பதிவாகியிருப்பதையும், நாகேஸ்வரராவ் பூங்காவில் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் லஸ்ஸில் நிகழ்வது அதில் இன்னும் ஏறவில்லை என்பதையும் கருதி, இக்கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படிக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தம்பி மகன்