கதவைத் தட்டிப்போடாதை, பிள்ளை

வவுனியாக் கம்பஸ் உனக்குக் கிடைச்சிட்டுதெண்டு கொம்மா கைவேலி தொடக்கம் தேவிபுரம் வரைக்கும் கற்கண்டு குடுத்து முடிச்சிட்டா. எனக்குச் சீனி வருத்தமெண்டு ஒரு கல்லுக்கூடத் தரேல்லை. பரவாயில்லை. இனிப்பில்லாத வாயாலை வாற புத்திக்குத்தான் மதிப்பு. இதிலை இரு. அந்தப் போனைக் கொஞ்சம் கவிட்டு வை.

எட்டாம் வகுப்போடை மண்வெட்டி தூக்கின கிழவனுக்குக் கம்பஸைப் பற்றி என்ன தெரியுமெண்டு நினைக்கிறாய். உன்ர முகத்திலை எழுதிக் கிடக்கு. நியாயம்தான். ஆனால் புதுக்குடியிருப்புச் சந்தியிலை தேத்தண்ணிக் கடை வாங்கிலை இருக்கிறவனுக்கு எட்டாத சங்கதி ஏதும் உண்டோ? கம்பஸ் போய்ப் படிச்சு முடிச்சவை, போய் முடிக்காமல் திரும்பினவை, போகாமலே எல்லாம் தெரியுமெண்டு கதைக்கிறவை எல்லாரும் அந்தச் சந்தியிலைதான் பஸ் ஏறி இறங்குகினம். கடைசி வகைதான் கனக்க. அவையிட்டைப் பொறுக்கினதை உனக்குச் சும்மா தாறன்.

முதல் புத்தி இது. அங்கை போன கையோடை அறிமுக நிகழ்வெண்டு ஒரு மண்டபத்திலை இருத்துவினம். துணைவேந்தர் கதைப்பார், பீடாதிபதி கதைப்பார், நீ நித்திரை கொள்ளுவாய். அதுக்குள்ளை ஆரோ ஒருத்தர் எழும்பி, இவர்தான் உங்கட கல்வி ஆலோசகர், என்ன பிரச்சினையெண்டாலும் போய்ச் சந்தியுங்கோ எண்டுவார். நல்லாய்த் தலையாட்டு. பிறகு அவற்ற கதவை மட்டும் தட்டிப்போடாதை. மனுசன் பாவம். கதவிலை பேர் ஒட்டி, மாணவரைச் சந்திக்கிற நேரமும் எழுதி ஒட்டி, எதிரிலை ஒரு கதிரையும் போட்டு வைச்சுக்கொண்டு, ஒருத்தரும் வராமல் நிம்மதியாய்த் தேத்தண்ணி குடிக்கிறார். அதை ஏன் கெடுக்கிறாய்? அந்தக் கதிரையிலை தூசி படியட்டும். கடைசி வருசம் ரெண்டு பாடம் பிழைச்சு, பட்டமளிப்புப் பட்டியலிலை பேர் இல்லையெண்டு தெரிஞ்ச பிறகு, கொப்பரையும் கூட்டிக்கொண்டு அழுதழுது போய் நில். அப்பதான் "நீங்கள் ஆர் பிள்ளை?" எண்டு அவர் கேப்பார். அறிமுகம் நல்லாயிருக்கும்.

சிரிக்காதை. இந்தப் புத்தியை நான் சொல்லாமலே எங்கட பிள்ளையள் வடிவாய்ப் பின்பற்றுதுகள். அதுதான் எனக்கு விளங்காத புதினம். மாடு ஒண்டு காணாமல் போனால் ஒட்டுசுட்டான் வரைக்கும் போய் ஒவ்வொரு படலையிலையும் நிண்டு விசாரிக்கிற சனம் நாங்கள். கிணறு வெட்ட முந்தி நாலு பேரிட்டை நிலத்தடித் தண்ணி கேப்பம். கலியாணமெண்டால் ஒரு சாத்திரியார் காணாதெண்டு மூண்டு பேரிட்டைக் குறிப்பைக் காட்டுவம். ஆனால் படிப்பிக்கிற சேரிட்டை ஒரு கேள்வி கேக்கச் சொன்னால் நாக்கு அண்ணத்திலை ஒட்டிப்போடும். மரியாதையாம்! கொம்மா உனக்காக வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைச்சவ. வைகாசிப் பொங்கலுக்குப் போய் வாய்விட்டுக் கேட்டவ. நல்லது. ஆனால் அம்மன் வினாத்தாள் திருத்திறேல்லை, பிள்ளை. திருத்திற மனுசன் அந்தக் கதவுக்குப் பின்னாலைதான் இருக்கிறார். அவரிட்டைக் கேக்கத்தான் உங்களுக்கு வெக்கம்.

அந்தக் கம்பஸுக்கும் பெரிய வயசில்லை. 1991 இலை இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியெண்டு தொடங்கி, 1997 இலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் முதலாம் திகதிதான் தனிப் பல்கலைக்கழகமானது. பல்கலைக்கழகமெண்ட பேரிலை பாத்தால் உன்னைவிட இளசு. பம்பைமடுவிலை மன்னார் றோட்டுக்கரையிலை நிக்கிறதைப் பாத்துப் பயந்துபோகாதை.

போன உடனை ஒருத்தி கேப்பாள், "நீர் முல்லைத்தீவுக் கோட்டாவோ?" எண்டு. இதுக்கு நீ வழமைப்படி தலையைக் குனிஞ்சு, அறைக்குப் போய், தலையணையை நனைக்க வேணும். அதுதானே எங்கட பிள்ளையளின்ர முறை? இல்லாட்டி இந்தக் கணக்கைச் சொல்லு. கலைப் பிரிவைத் தவிர்த்து, நூறு இடமெண்டால் 40 நாடு முழுக்க இசட் புள்ளி வரிசையிலை போகுது. 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி போகுது. மிச்சம் 5 தான் கல்வியிலை பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அதிலை எங்கடையும் ஒண்டு. பின்தங்கினதெண்டு நாங்களாய்ப் பேர் வைக்கேல்லை, அரசாங்கம் எழுத்திலை தந்தது. ஏன் பின்தங்கினதெண்டு அவள் கேட்டால், 2009 இலை உன்னைத் தோளிலை போட்டுக்கொண்டு நாங்கள் எந்தெந்த மண்ணிலை குந்தினம், நீ எந்த முகாம் கூடாரத்திலை 'அ' எழுதினனீ எண்டு சொல்லு. வேண்டாம், சொல்லாதை. அவளுக்கும் அந்தரம், உனக்கும் அந்தரம். உள்ளுக்குப் போன பிறகு வினாத்தாள் எல்லாருக்கும் ஒண்டுதான் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுச் சாப்பிடப் போ.

இனிக் கணக்கு வழக்குக்கு வாறன். கிரெடிற் எண்டு ஒண்டு வைச்சிருக்கினம். மேல்வீட்டுப் பெடியன் எனக்கு மூண்டு தரம் விளங்கப்படுத்தினவன், நாலாந்தரம் நான் அவனுக்கு விளங்கப்படுத்தினன். ஒரு கிரெடிற் எண்டால் நீ அந்தப் பாடத்தோடை 50 மணித்தியாலம் மாரடிக்க வேணும். அதிலை விரிவுரை 15 மணித்தியாலம்தான். அப்ப மூண்டு கிரெடிற் பாடத்துக்கு 150 மணித்தியாலம், சேர் படிப்பிக்கிறது 45, மிச்சம் 105. இந்த 105 ஆருக்குச் சொந்தம்? போனுக்குச் சொந்தமெண்டு பெடியள் ஏகமனதாய்த் தீர்மானம் போட்டிருக்கினம். வருசத்துக்கு 30 கிரெடிற், நாலு வருசச் சிறப்புப் பட்டத்துக்கு 120. மொத்தம் 6,000 மணித்தியாலம். உன்ர பட்டத்தின்ர பெரும்பங்கு வகுப்புக்கு வெளியிலை கிடக்கு. பள்ளிக்கூடத்திலையெண்டால் ரீச்சர் பின்னாலை வந்து பிரம்பைக் காட்டினவ. இஞ்சை ஒருத்தரும் வராயினம். அந்த 105 மணித்தியாலத்தை எப்பிடிப் பிரிக்கிறது, எந்தப் பாடம் எடுத்தால் பிறகு எந்தச் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம், எதுக்கு எவ்வளவு ஜிபிஏ வேணும், இதைக் கேக்கத்தான் அந்தக் கதிரை.

கச்சான் செடி மேலை கரும்பச்சையாய்க் கொழுத்து நிக்கும், கீழை வெறுங்கோது கிடக்கும். இடையிலை ஒண்டைப் பிடுங்கிப் பாக்காமல் அறுவடை வரைக்கும் காத்திருக்கிறவன் விசரன். படிப்பும் அப்பிடித்தான். இடைக்கால மதிப்பீட்டிலை மார்க்ஸ் குறைஞ்சால், தாளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிழமையே போ. எங்கை பிழைச்சதெண்டு கேள். "இனி வடிவாய்ப் படிக்கிறன் சேர்" எண்டு மட்டும் சொல்லாதை. அதை அவர் ஆயிரம் தரம் கேட்டிருப்பார். இந்தப் பந்தி எப்பிடி எழுதியிருக்க வேணுமெண்டு கேள். ஆள் கதிரையிலை நிமிந்து இருப்பார்.

வரவு 80 வீதம் இல்லாட்டிச் சோதினை எழுத விடாயினம், அதுக்காக மிச்ச 20 வீதமும் உனக்குத் தந்த லீவெண்டு கணக்குப் போடாதை. காய்ச்சல் வந்தால் மருத்துவச் சான்றிதழைச் சொன்ன நாளுக்குள்ளை குடு. குடுக்காமல் விட்டு, பிறகு ரிப்பீற் எழுதினால், எவ்வளவு நல்லாய் எழுதினாலும் பொதுவாய் சி தரத்துக்கு மேலை போடமாட்டினம். இதெல்லாம் மாணவர் கைநூலிலை இருக்கு. கைநூலை வாசிக்காத பிள்ளையளை நம்பித்தான் அரைவாசி வதந்தி பிழைக்குது.

மகாபொலப் புலமைப்பரிசிலுக்கு விதானையாரிட்டையும் பிரதேச செயலகத்திலையும் கையெழுத்து வாங்கிப்போட்டியோ? கொப்பரின்ர வருமானத்தை உள்ளதை உள்ளபடி எழுது. அதைக் குறைச்சு எழுத ஏலாது, அதுக்குக் கீழை இலக்கம் இல்லை. மகாபொல 1981 இலை லலித் அத்துலத்முதலி சட்டம் கொண்டுவந்து தொடங்கின நிதி. மாசம் 5,000 ஆய் இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்திலை 7,500 ஆக்கிச்சினம். அது கிடைக்காட்டி மாணவர் உதவிப்பணம் இருக்கு, அதுக்கும் விண்ணப்பம் போடலாம். ஒரு இரகசியம் சொல்லட்டோ? அபிவிருத்தி லொத்தர் சபையின்ர வருமானத்திலையும் ஒரு பங்கு மகாபொலவுக்குத்தான் போகுது. இவ்வளவு காலமும் நான் சீட்டு வாங்கி ஒண்டும் விழேல்லையெண்டு கொம்மா பேசுறவ. இனிப் பேசினால் சொல்லு, அப்பு எனக்குப் புலமைப்பரிசில் கட்டினவர் எண்டு. காசு மாசாமாசம் சொன்ன திகதிக்கு வருமெண்டு மட்டும் நம்பிக் கடையிலை கொப்பி வைக்காதை.

பிறகு சீனியர்மார். இதிலை கொஞ்சம் பகிடியை ஒதுக்கி வைச்சிட்டுச் சொல்லுறன். நானும் பகிடி விடுறவன்தான், ஆனால் என்ர பகிடிக்கு ஆரும் ஆசுப்பத்திரிக்குப் போகேல்லை. 1997 இலை பேராதனையிலை பொறியியல் படிக்கப் போன தமிழ்ப் பெடியன் ஒருத்தனைப் பகிடிவதை கொண்டு போட்டுது. அடுத்த வருசம் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு 2 வருசம் வரைக்கும் மறியல், கடுங்காயமோ பாலியல் சேட்டையோ எண்டால் 10 வருசம் வரைக்கும். மாணவர் ஆலோசகரெண்டு விரிவுரையாளர்களிலை சிலரை இதுக்கும் சேர்த்துத்தான் நியமிச்சிருக்கினம். ஒண்டு நடந்தால் அவையிட்டை எழுத்திலை குடு, எனக்கும் கோல் எடு. நல்ல சீனியர்மாரும் இருக்கினம். பழைய வினாத்தாள், குறிப்பு எல்லாம் அவையிட்டைத்தான் கிடக்கும். உன்னை முழங்காலிலை நிக்கச் சொல்லுறவனிட்டை அந்த ரெண்டும் இருக்காது.

உயர்தரம் வரைக்கும் தமிழிலை படிச்சனீ, அங்கை விஞ்ஞானம் எல்லாம் இங்கிலீசிலை. முதல் கிழமை ஒண்டும் விளங்காது. விளங்கினதெண்டு நடிக்கிறவளைப் பாத்துப் பயப்பிடாதை, அவளும் பின்வாங்கிலைதான் இருப்பாள். ஆங்கிலம் படிப்பிக்கவெண்டே ஒரு பிரிவு இருக்கு, சம்பளம் வாங்குற ஆக்கள் உன்ர பிழையைத் திருத்தக் காத்திருக்கினம். அங்கை போகாமல் விட்டிட்டு, பிறகு வவுனியா ரவுணிலை காசு கட்டி 'ஸ்போக்கன்' வகுப்புக்குப் போ. ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம், நீ மட்டும் ஏன் காசை மிச்சம் பிடிக்கிறாய்?

விடுதியிலை பக்கத்துக் கட்டிலிலை குருநாகல் பிள்ளையோ அனுராதபுரப் பிள்ளையோ இருக்கும். ரெண்டு பேரும் நாலு வருசம் சிரிச்சே காலம் கழிக்கப் பாப்பியள். உனக்கு அவளின்ர சிங்களம், அவளுக்கு உன்ர தமிழ். கட்டணம் இல்லாத ரியூசன். பருப்புக்கறியிலை தொடங்குங்கோ. முதல் மாசம் அரசியல் வேண்டாம். சோறு ஆறிப்போகும்.

படிப்புக்கு வெளியிலை கழகம், விளையாட்டு, நூலகம், தொழில் வழிகாட்டல் அலகு எண்டு கனக்க இருக்கு. எல்லாத்திலையும் பேரைக் குடுக்காதை, படத்துக்குச் சிரிச்சே கால் நோகும். ஒண்டைப் பிடி. தொழில் வழிகாட்டல் அலகுக்குக் கடைசி வருசம்தான் போகவேணுமெண்டு ஒரு சம்பிரதாயம் இருக்காம். நீ முதல் வருசமே போ, வழி தவறி வந்திட்டுதெண்டு நினைச்சுத் தேத்தண்ணி குடுப்பினம்.

நீ எடுத்தது சுற்றாடல் விஞ்ஞானம். கடைசி வருசம் ஆய்வு செய்யச் சொல்லுவினம். அப்ப ஆரோ எங்கையோ செய்ததைக் கொப்பி அடிச்சு, காணாத நாட்டு ஆற்றைப் பற்றி எழுதாதை. எங்கட நந்திக்கடல் களப்பை 2017 இலை இயற்கை ஒதுக்கிடமெண்டு அறிவிச்சவை. அதுக்குள்ளை இறாலுக்கு இறங்கிறவனிட்டை எந்த மாசம் தண்ணி உவர்க்கும், எந்தக் காத்துக்கு இறால் ஏறும், எல்லைக் கல்லு ஆற்ற வளவுக்குள்ளை நிக்குது எண்டு கேட்டுப் பார். ரெண்டு அத்தியாயத்துக்குக் காணும், மூண்டாவதுக்கு வழக்கும் கிடைக்கும். ஆனால் அதைச் செய்யலாமோ எண்டு முதலிலை ஆரிட்டைக் கேப்பாய்? அதே கதிரைதான். வட்டுவாகலிலை எனக்குத் தெரிஞ்ச கிழவர் ரெண்டு மூண்டு பேர் இருக்கினம், கூட்டிக்கொண்டு போறன். என்ர கட்டணத்தைப் பிறகு பேசுவம். இனிப்பாய் இருந்தால் கொம்மாவுக்குத் தெரியக் கூடாது.

இன்னொண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரிலைதான் இருக்கு. 1990 இலை கிளிநொச்சியிலை தொடங்கி, யுத்தத்திலை யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, 2014 இலை திரும்பி வந்தது, எங்களைப்போலை. வேறை கம்பஸ் பிள்ளையளோடையும் பழக்கம் வைச்சிருக்கிறது படிப்புக்கு நல்லதெண்டு சொல்லுகினம். விளையாட்டுப் போட்டி, ஆய்வு மாநாடு எண்டு போற இடத்திலை அங்கை படிக்கிற நல்ல பெடியன் ஆரையும் கண்டால் நம்பரை வாங்கி வை.

ஏனடி முகம் சிவக்குது? போனமுறை கச்சானிலை இலைப்புள்ளி விழுந்தது, அதுக்கு என்ன அடிக்கிறதெண்டு கேக்கத்தான் சொன்னனான்.