பிரஷர் மாத்திரையைத் தோற்கடிப்பது எப்படி?

டாக்டர் சீட்டு எழுதிவிட்டார். மருந்துக்கடைத் தம்பியும் அம்லோடிபின் ரெண்டு அட்டையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். இனி அந்த மாத்திரை ஜெயித்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பயப்பட வேண்டாம், நம் வீடுகளில் பாதிப் பேர் இதில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். காரண காரியம் தெரிந்து செய்தால் இன்னும் சுத்தமாகச் செய்யலாம் என்பதால்தான் இந்தக் குறிப்புகள்.

முதல் பாடம்: மெஷினில் 120/80 என்று வந்த அன்றே மாத்திரையை நிறுத்திவிடுங்கள். அந்த 120-ஐ இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதே மாத்திரைதான் என்று யாராவது சொல்ல வந்தால் பேச்சை மாற்றுங்கள். அம்லோடிபின் இந்தக் காரியத்துக்கு ரொம்பத் தோது. ரத்தத்தில் ஏறிய மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். இன்று நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் தெரியாது. நாளை மறுநாளும் பெரிதாகத் தெரியாது. மூன்றாம் நாள் சம்பந்திக்குப் போன் போட்டு, "மாத்திரையை விட்டே மூணு நாளாச்சு, பிரஷர் ஆடாம அசையாம நிக்குது, எல்லாம் டாக்டருங்க வியாபாரம்" என்று சொல்லிவிடலாம். அடுத்த வாரம் அது சத்தம் போடாமல் 160-க்கு நகரும்போது நீங்கள் அளக்கப் போவதில்லை. பிரஷர் ஏறினால் பெரும்பாலும் வலிக்காது. நமக்கு வாய்த்த பெரிய வசதி அது.

இதே தாமதம் ஆரம்பத்திலும் கைகொடுக்கும். தினம் ஒன்றாகப் போட்டுவந்தால், மருந்து ரத்தத்தில் ஒரே மட்டத்துக்கு வந்து நிற்க 7, 8 நாள் பிடிக்கும். ஆகவே மூன்றாம் நாளே அளந்து பார்த்து, இந்த டாக்டருக்குக் கைராசி இல்லை என்று தீர்ப்பு சொல்லி வேறு டாக்டரைத் தேடுங்கள்.

பொறுமையில்லாதவர்களுக்கு புரோப்ரனலால், குளோனிடின் வகையறா இருக்கிறது. அட்ரினலின் போடும் உத்தரவு இதயத்தின் காதில் விழாதபடி புரோப்ரனலால் அடைத்து வைக்கிறது. இதயமும் சும்மா இருப்பதில்லை. நாளாக ஆகக் கூடுதலாகக் காதுகளை வளர்த்துக்கொள்கிறது. மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் அத்தனை காதும் ஒன்றாகத் திறக்கும். நெஞ்சு படபடக்கும், ஏற்கெனவே இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பு வரைக்கும் போகும். குளோனிடின் இன்னும் மோசம். நிறுத்தின ஓரிரு நாளில் பிரஷர் பழைய அளவையும் தாண்டி எகிறும். சம்பந்திக்குப் போன் போடவெல்லாம் நேரம் கிடைக்காது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுவதும் நல்ல வழிதான். அவருக்கு எழுதியது புரோப்ரனலால், உங்களுக்கு இருப்பது வீசிங் என்பதையெல்லாம் யோசித்தால் அக்கம்பக்கத்து உறவு கெட்டுப்போகும்.

ஆனால் கலை என்று சொல்லத்தக்கது எனாலாப்ரில் விஷயத்தில்தான் இருக்கிறது. விழுங்கும்போது அது முழு மருந்தே இல்லை. கல்லீரலுக்குப் போய், ஒரு துண்டு வெட்டப்பட்டு, எனாலாப்ரிலாட் ஆன பிறகுதான் வேலையைத் தொடங்கும். பரம்பரையும் லேசுப்பட்டதல்ல. பிரேசில் நாட்டு ஜரராக்கா விரியனின் நஞ்சை ஆராய்ந்தபோது புலப்பட்ட வழியில் பிறந்த கேப்டோப்ரில்தான் இந்தக் குடும்பத்தில் மூத்தது. 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தக்குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளை உண்டாக்கும் நொதியை இவை முடக்குகின்றன. பிராடிகைனின் என்ற இன்னொரு பொருளை உடைத்துப் போடுவதும் அதே நொதியின் வேலை. நொதி படுத்துவிட்டால் பிராடிகைனின் சேர்ந்துகொண்டே போகும். சிலருக்குத் தொண்டையில் வறட்டு இருமலாக வந்து நிற்கும்.

இந்த இருமலை டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் லோசார்டன், டெல்மிசார்டன் என்று எதையாவது மாற்றி எழுதுவார், இருமல் போய்விடும், கதை முடிந்துவிடும். அதற்குப் பதிலாகப் பெரியம்மா சொன்னபடி அதிமதுரத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் கஷாயமாகவும் இறக்குங்கள். நாட்டு மருந்து ஒன்றும் செய்யாது என்பவர்கள் இங்கே தலைகுனிய வேண்டும். அதிமதுரத்துக்கு அந்த இனிப்பைக் கொடுக்கும் கிளிசிரைசின் உண்மையாகவே வேலை செய்கிறது. சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும் நொதியை அது கட்டிப்போடும். கட்டவிழ்ந்த கார்டிசால் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷர் ஏறும். அதாவது மாத்திரையால் வந்த இருமலுக்குச் சாப்பிட்ட மருந்து, மாத்திரை இறக்கியதைத் திரும்ப ஏற்றிவிடும். இருமல் மட்டும் நிற்காது. அதன் காரணத்தைத்தான் தினமும் காலையில் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்களே.

முட்டி வலிக்குக் கடையில் நீங்களே கேட்டு வாங்கும் டைக்ளோபினாக்கையும் மறக்கக் கூடாது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷர் மாத்திரையின் காலை வாரும். டெல்மிசார்டனோடு நீர் மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தால், மூன்றுமாகச் சேர்ந்து சிறுநீரகத்தையே முடக்கிப்போடக்கூடும்.

மாத்திரை பெரிதாக இருக்கிறதா? அம்மியில் நுணுக்கித் தேனில் குழையுங்கள். 24 மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுக வெளிவரும்படி செய்த நிஃபெடிபின் மொத்தமும் ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கி, எழுந்து நின்றதும் கண் இருட்டும். நுணுக்காமல் விழுங்குபவர்களுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. இந்த ரகத்தில் சிலவற்றின் வெற்றுக்கூடு அப்படியே மலத்தில் வெளியே வரும். உள்ளிருந்த மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது என்பதைக் கண்டுகொள்ளாமல், "மாத்திரை கரையவே இல்லை" என்று குடும்பத்தையே கூட்டிக் காட்டுங்கள்.

டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும், அதனால் போடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிதுக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் மாதம் முப்பதையும் முதல் தேதியே பிதுக்கி, எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, அடுப்படி அலமாரியில் வையுங்கள். ஐப்பசி மழையும் சோற்றுப்பானை ஆவியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்பவர்களுக்குத் தனிப் பாராட்டு, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இதயத்துடிப்பே தடுமாறலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமலே வாங்குங்கள்.

கடைசியாக, டாக்டரைப் பார்க்கும் நாள். ஒரு மாதமாகத் தொடாத அம்லோடிபினை அன்று காலை எட்டு மணிக்கு பயபக்தியோடு போட்டுக்கொள்ளுங்கள். அது ரத்தத்தில் உச்சத்துக்கு வர 6 முதல் 12 மணி நேரம் ஆகும். உங்கள் டோக்கனோ பத்து மணிக்கு. மாடிப்படியை வேகமாக ஏறி, சிறுநீரை அடக்கிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பட்டை கையை இறுக்கும்போது மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டிருங்கள். 176 காட்டும். "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்பார். "இன்னிக்குக் காலைலகூடப் போட்டேன் டாக்டர்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லலாம், பொய்யே இல்லை. அவர் யோசித்து இரண்டாவது மருந்து ஒன்றைச் சேர்ப்பார். இரண்டும் ஒன்றாகக் கலந்த ஒரே மாத்திரையாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை மறந்தாலே இரண்டையும் விட்டாயிற்று.