சபாவுக்குப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, ஒக்காரு. வியன்னாவுக்குப் போயி ஓபரா பாக்கணும்னு பணம் சேக்கிறியாமே? உங்கம்மா போன்ல அழுவுறா. அழாம என்ன செய்வா? நீ குடியிருக்கிறது மயிலாப்பூர். தெருவுல எறங்கி நடந்தா சுந்தரேஸ்வரர் தெருவுல ரசிக ரஞ்சனி சபா. இன்னும் கொஞ்சம் நடந்தா ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். ஆட்டோ புடிச்சா டி.டி.கே. சாலையில மியூசிக் அகாடமி, நாரத கான சபா. தி.நகர் பக்கம் போனா வாணி மகால், கிருஷ்ண கான சபா. இம்புட்டையும் தாண்டிக்கிட்டு நீ ப்ளேன் ஏறணும். ஏறு ராசா, கடல் தாண்டி நின்னு கேட்டாத்தான் சிலருக்குப் பாட்டு காதுல ஏறும்.

நின்னுன்னு சும்மா சொல்லல. அந்த ஓபரா ஹவுஸ்ல நின்னுக்கிட்டே பாக்கிறதுக்குன்னு மலிவு டிக்கெட்டு உண்டாம். எடம் புடிச்சவன் முன்னால இருக்கிற கம்பியில கழுத்துத் துணியைக் கட்டிப்புட்டு வெளிய காத்து வாங்கப் போயிடுவானாம். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போடுறதை எந்த வெள்ளைக்காரன் ஒளிஞ்சிருந்து பாத்தானோ!

சரி, முதல்ல நம்மூரு சபாவுல பழகிக்க. அகாடமிக்குள்ள நுழையிறப்ப அண்ணாந்து பாக்காதே, பட்டிக்காட்டான்னு தெரிஞ்சு போவும். ஆயிரத்து ஐநூறு பேருக்கு மேல ஒக்காருற மண்டபம்தான், இருந்தாலும் தெனமும் வந்து போறவன் கணக்கா மூஞ்சிய வச்சிக்க. பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட ஒரு சரித்திரத்தை எடுத்து வுடு. 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு கூடுனப்ப கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்துச்சு. அதுல பொறந்த புள்ளைதான் அகாடமி. 1928 ஆகஸ்ட்ல சி.பி. ராமசாமி அய்யர் தொடங்கி வச்சாரு. அப்புறம் முப்பது வருசத்துக்கு மேல சொந்த மண்டபம் கெடையாது. பந்தல்லயும் கொட்டகையிலயும்கூட கச்சேரி ஓடுச்சு. 1955ல நேரு அடிக்கல் நாட்டுனாரு. 1962 டிசம்பர்ல மைசூர் மகாராசா ஜெயசாமராஜ உடையார் வந்து மண்டபத்தைத் தொறந்தாரு. குடியரசு வந்து பன்னெண்டு வருசம் ஆயும் ராசா வந்துதான் கதவைத் தொறக்கணுமான்னு கேட்டுப்புடாதே. அந்த ராசா தானே கீர்த்தனை கட்டுனவரு, பொருத்தமான ஆளுதான்.

இப்ப ரசிகனா வேசம் கட்டுற வித்தை. பாட்டு தொடங்குனதும் தொடையில தாளம் போடணும். ஆதி தாளம்னா உள்ளங்கையால ஒரு தட்டு. அப்புறம் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். பொறவு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. மொத்தம் எட்டு. எங்கியாச்சும் தப்பிப் போச்சுன்னா பதறாதே. ரெண்டு சீட்டு தள்ளி ஒரு மாமி இருப்பாங்க, அவங்க கையப் பாத்து ஒட்டிக்க. ராகம் என்னன்னு யாராச்சும் கேட்டா கல்யாணின்னு அவசரப்பட்டுச் சொல்லாதே, சங்கராபரணமா இருந்து தொலைக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு மத்தியமம்தான் வித்தியாசம், மானம் போறதுக்கு அது போதும். கண்ணை மூடிக்கிட்டு, “ஏதோ ஜன்யம் மாதிரி இருக்கு”ன்னு இழு. மேளகர்த்தாங்கிற தாய் ராகம் எழுபத்திரெண்டுதான். மிச்சம் இருக்கிற அத்தனை ராகமும் ஜன்யம். பல தடவை நீ சொன்னது சரியா இருக்கும்.

மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சா அது கேண்டீனுக்கு அடிக்கிற மணின்னு ஊரே நெனச்சிக்கிட்டிருக்கு. பட்டுப்புடவை சரசரக்கும், செருப்பு தேயும், வரிசையா எந்திரிப்பாங்க. பாவம், கடம் வாசிக்கிறவர் கோர்வைய மூணு தடவை வச்சு முடிக்கையில எதிர்ல காலி நாற்காலிதான் தலையாட்டும். நீயும் கூட்டத்தோட போயி கீரை வடை தின்னு. அங்கதான் பெரிய வித்வத் சபை கூடும். யாருக்குப் பட்டம், யாருக்குப் பட்டை நாமம்னு பேசித் தீப்பாங்க. அந்தப் பேச்சுல நான் சொன்னேன்னு ஒரு கேள்வி போடு. அகாடமி குடுக்கிற சங்கீத கலாநிதிங்கிற பட்டம் 1942ல வந்துச்சு. ஒரு பொம்பளை கையில அது சேந்தது 1968ல, எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு. நடுவுல அத்தனை வருசம் பொம்பளைங்க பாடலையா, இல்ல பெரியவங்க காதுல விழலையா? நம்ம பக்கத்துத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்துல தோடி வாசிச்சாருன்னா ஊரு ராத்திரி பூரா வீதியிலயே கெடக்கும். அவருக்கு அந்தப் பட்டம் கடைசி வரைக்கும் போவல. ஆனா பாரு, மங்கள இசைன்னு நாகஸ்வரம் ஊதித்தான் பல சபாவுல சீசனையே தொடங்குறாங்க. சுபகாரியத்துக்கு மட்டும் நாகஸ்வரக்காரங்க வேணும். கேட்டுப்புட்டு வடையக் கையில எடுத்துக்கிட்டு நவுந்துடு, பதிலுக்கு நிக்காதே.

இது அத்தனையும் வேசம் போடுறவனுக்கு. பாட்டே கேக்கணும்னு உனக்கு நெசமாவே ஆசை இருந்தா சாயங்காலக் கச்சேரிய வுட்டுடு. அங்க பாதிப் பேரு பாக்க வந்தவன், மீதிப் பேரு பாக்கப்பட வந்தவன். நான் சொல்றது மத்தியானக் கச்சேரி. பல சபாவுல அதுக்கு டிக்கெட்டே கெடையாது. சின்னப் புள்ளைங்க பாடும். வருசக்கணக்கா சாதகம் பண்ண வர்ணத்தை, அப்பத்தான் மொத மொதலா பெரிய மேடையில வக்கிறதுனால கை நடுங்கும், சுருதி மட்டும் நடுங்காது. ஒரு பல்லவிய இழைச்சு இழைச்சு முடிச்சுட்டு நிமிந்து பாத்தா, சபையில பத்துப் பேரு. அதுல ரெண்டு பேரு பெத்தவங்க, ஒருத்தர் குரு, மூணு பேரு ஏ.சி.க்காக வந்து தூங்குறவங்க.

அகாடமி சீசன் டிசம்பர் 15 வாக்குல ஆரம்பிச்சு சனவரி 1 வரைக்கும் நடக்கும். வியன்னா எங்கயும் ஓடிப் போவாது. இந்த மார்கழியில ஒரு மத்தியானம் போயி முன்வரிசையில ஒக்காரு, அந்தப் புள்ளைக்கு மிருதங்கம் வாசிக்கிறவர் தனி ஆவர்த்தனத்தை முடிக்கிற வரைக்கும் எந்திரிக்காதே.