மூன்று லிட்டர் வீரம்

மலேசியாவில் சொந்தமாகப் படை வைத்திருக்கும் ஒரே மாநிலம் எங்கள் ஜொகூர்தான். சுல்தான் அபு பக்கார் காலத்தில், 1886இல் தொடங்கிய படை, இன்றைக்கும் இருக்கிறது. ஆகவே குளுவாங் கடைத்தெருவில் போய் "ஆர்மி பை இருக்கா?" என்று கேட்டால், "எந்த ஆர்மி?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பது இங்கே நக்கல் ஆகாது. நியாயமான சந்தேகம். சீனத் தவுக்கே அவர். "அஸ்கார் மானா?" என்று கேட்டுவிட்டு என்னைத் தலையிலிருந்து தொந்திவரை ஒருமுறை பார்த்தார். அதற்குக் கீழே பார்க்க அவருக்குத் தேவை ஏற்படவில்லை.

நான் தேடியது, சிப்பாய்கள் பாலைவனத்தில் சுமக்கிற ரகம். முதுகை ஒட்டிய அறையில் மூன்று லிட்டர் பிடிக்கும் தண்ணீர்ப் பை. அதிலிருந்து தோள்மேல் ஏறி வாய்ப்பக்கம் வந்து தொங்கும் ஒரு குழாய். நுனியைக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர் வரும். இதைச் சுற்றி ஒரு குடும்பத்துக்கே துணிமணி வைக்கிற அளவுக்கு இடம். வெளிப்பக்கம் முழுக்கக் குறுக்குப் பட்டைகள் தைத்திருக்கும். அமெரிக்கப் படை 1990களின் கடைசியில் கொண்டுவந்த ஏற்பாடு அது, 'மோலி' என்பார்கள். அந்தப் பட்டைகளில் தோட்டாப் பை, கத்தி உறை, முதலுதவிப் பை என்று எதை வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். கோப்பதற்கு என்னிடம் இருப்பது சாவிக்கொத்தும் கோடாலித் தைலமும்.

இவ்வளவும் எதற்கென்றால், எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி லேடாங் மலை ஏறுவது என்று தீர்மானம் போட்டுவிட்டது. வழக்கமாக நாங்கள் ஏறுவது ஊரை ஒட்டிய லம்பாக் மலை. 510 மீட்டர். ஏறி இறங்கி, 1938 முதல் இருக்கிற ரயில் நிலையக் கோப்பிக் கடையில் பசியாறிவிட்டு, ஏறியபோது குறைந்த எடையை இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்று சரிக்கட்டி வீட்டுக்கு வருவோம். லேடாங் அப்படியில்லை. தங்காக் பக்கத்தில் 1,276 மீட்டர் உயரம், ஜொகூரிலேயே உயர்ந்தது. வழிகாட்டி இல்லாமல் மேலே விடமாட்டார்கள். கயிறு பிடித்து ஏறும் இடம் உண்டு, ஏணி உண்டு. ஒரு செங்குத்துப் பகுதிக்குக் கேஎஃப்சி என்று பெயர். எங்கள் கோஷ்டியில் சிலர் அதைக் கேட்டதும் நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். 'கில்லர் ஃபார் கிளைம்பர்ஸ்' என்பதன் சுருக்கம் அது என்று வாத்தியார் விளக்கியதும் அடங்கிவிட்டார்கள்.

அந்த மலைக்கு ஒரு இளவரசியும் உண்டு, லேடாங் மலை இளவரசி. மலாக்கா சுல்தான் மாமுட் ஷா பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது அவள் கேட்ட பரிசத்தைச் 'செஜாரா மெலாயு' பட்டியல் போட்டுச் சொல்கிறது. மலாக்காவிலிருந்து மலைவரை தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், கொசுவின் இதயம் ஏழு தட்டு, இளம்பாக்குச் சாறு ஒரு தாழி, கண்ணீர் ஒரு தாழி, பிறகு சுல்தானின் ரத்தமும் அவர் மகனின் ரத்தமும் ஒவ்வொரு கிண்ணம். எல்லாரும் இதைக் 'கட்டிக்கொள்ள இஷ்டமில்லை' என்பதன் நாகரிக வடிவம் என்கிறார்கள். எனக்கோ, அந்த உயரத்தில் குடியிருந்தவளுக்குத் திரவப் பொருள்மேல் இருந்த அக்கறைதான் கண்ணில் படுகிறது. தூது போன கதையில் இன்னொரு சங்கதியும் உண்டு. கோஷ்டியில் ஹங் துவா இருந்தார். மலாய் வீரர்களுக்கெல்லாம் வீரர். மேலே காற்று பலமாக வீசுகிறது, நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்லி, துன் மாமாட் என்பவர்தான் உச்சிக்குப் போனார். ஹங் துவாவே பாதியில் நின்ற மலை! இதை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறேன். மூச்சு வாங்கும் இடத்தில் எடுத்துவிடலாம்.

பைக்கு வருவோம். முதலில் விலையைப் பார்த்தேன். நானூறு வெள்ளிக்கு மேல். பக்கத்தில் கால்குலேட்டரும் இருந்தது, அதுதான் வினை. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 25 கோடி கேலன்வரை தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். விலை, ஆயிரம் கேலனுக்கு 3 சென். ஆயிரம் கேலன் என்றால் ஏறக்குறைய 4,546 லிட்டர். அந்தக் கணக்கில் என் மூன்று லிட்டரின் மதிப்பு ஒரு சென்னில் ஐந்நூறில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. 2061வரை இதே ஒப்பந்தம்தான். ஒரு நாட்டுக்கே தண்ணீர் கொடுக்கிற மாநிலத்தில், நாலணாவுக்கும் பெறாத தண்ணீரை வைக்க நானூறு வெள்ளிப் பை வாங்க நிற்கிறேன். தவுக்கே கால்குலேட்டரை மெல்ல என் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்தக் குழாய்ப் பைச் சமாச்சாரம் எப்படிப் பிறந்தது என்பதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாதுதான். டெக்சாஸில் விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில் ஆகஸ்ட் வெயிலில் நூறு மைல் சைக்கிள் போட்டி நடக்கும். 1980களின் இறுதியில் மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர், நோயாளிக்கு ட்ரிப்ஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு நீளக் காலுறைக்குள் போட்டு, சட்டை முதுகில் பொருத்தி, குழாயைத் தோள்மேல் எடுத்துத் துணிக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தார். அதிலிருந்து வந்ததுதான் கேமல்பேக் கம்பெனி. சைக்கிள்காரன் வாயிலிருந்து குழாய் சிப்பாய் வாய்க்குப் போனது. சிப்பாய் வாயிலிருந்து என் வாய்க்கு வரப் பார்க்கிறது. இதை நான் ரசித்துச் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டார்: "ஏறுறதுக்கு முந்தியே ட்ரிப்ஸா?"

கடையில் தவுக்கே இரண்டு பைகளை எடுத்துப் போட்டார். ஒன்று ஐந்நூறு டினியர், மற்றது ஆயிரம் டினியர். ஒன்பதாயிரம் மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டினியர். ஆயிரம் டினியர் பையை முள்ளில் இழுத்தாலும் கிழியாது என்று சொல்லி, அவரே இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினார். பை கிழியவில்லை. அவருக்குத்தான் தோளில் பிடித்துக்கொண்டது. கோடாலித் தைலம் கொடுத்தேன்.

நிறத்தில் அடுத்த சிக்கல். 'கயோட்டி' என்று ஒரு மண்ணிறம். அந்தப் பெயருள்ள மிருகத்தை ஜொகூரில் யாரும் பார்த்ததில்லை. பிறகு இலையும் நிழலுமாகப் படைவேட நிறம். அதைத் தொட்டதும் பக்கத்தில் நின்ற மச்சான் பதறினான். "மாமா, போலீஸ் பிடிக்கும்!" நான் தண்டனைச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். 140ஆம் பிரிவு சொல்வது இதுதான்: சிப்பாய் அல்லாத ஒருவன், தன்னைச் சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படை உடையோ அடையாளமோ தரித்தால் குற்றம். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப பிரச்சினை இல்ல மாமா" என்றான். இருந்தாலும் அந்த நிறத்தைத் தள்ளிவிட்டேன். காட்டுக்குள் கண்ணில் படாமல் இருப்பது சிப்பாய்க்கு வேண்டுமானால் லாபம். நான் வழியில் உட்கார்ந்துவிட்டால் தேடி வருகிறவன் கண்ணுக்கு நான் தெரிய வேண்டாமா?

எல்லாம் பேசி முடிந்தபின் தவுக்கே இன்னொரு பொட்டலத்தை நீட்டினார். மழை உறை. தனி விலை. நவம்பர் பிறந்தால் ஆற்றில் இருக்கவேண்டிய தண்ணீர் ஊருக்குள் இருக்கும் மாநிலம் இது. 2006 டிசம்பரில் மூழ்கிய கோத்தா திங்கி தண்ணீர் வடிந்து மூச்சுவிடுவதற்குள் 2007 ஜனவரியில் மறுபடி மூழ்கியது. உள்ளே தண்ணீரைச் சுமக்க ஒரு பை, அந்தப் பைமேல் தண்ணீர் படாமலிருக்க ஓர் உறை. அதோடு விட்டார்களா? உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே ஓட அடியில் ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள்.

கோத்தா திங்கி என்றதும் நினைவு வருகிறது. மலாயா அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படையின் காட்டுப்போர்ப் பள்ளி அங்கேதான் இருந்தது. இன்றைக்கும் மலேசியத் தரைப்படையின் போர்ப் பயிற்சி மையம், புலாடா, அந்த வட்டாரத்தில்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எங்கள் காட்டுக்குள் இறங்கியபோது அவர்களிடம் இருந்தது '1944 பேட்டர்ன்' சாமான்கள்: லேசான துணிப் பட்டை, ஒரு தண்ணீர்க் குப்பி, குப்பியோடு பொருந்தும் உலோகக் குவளை. தீர்ந்தால் ஓடையில் பிடித்து, மாத்திரை போட்டுக் குடித்தார்கள். அதே காலத்தில், கித்தாக் காட்டில், எங்கள் பாட்டி பெரட்டுக்களத்துக்கு இருட்டோடு போய், சர்பத் போத்தலில் கோப்பித்தண்ணி கட்டிக்கொண்டு, தோள்கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு மேடு பள்ளமாக நடந்தார். நெஞ்சுப் பட்டை இல்லை, இடுப்புப் பட்டை இல்லை, முதுகுக்குக் காற்றோட்டமான மெத்தை இல்லை. நம் ஆட்களுக்குச் சுமை புதிதா என்ன? இரண்டு மலையைக் காவடியில் கட்டித் தூக்கிய இடும்பன் எந்தக் கடையில் பட்டை பார்த்தான்? பத்துமலையில் 272 படியைப் பால்குடத்தோடு ஏறுகிற கூட்டம் ஒரு சொட்டு சிந்துவதில்லை. இதையெல்லாம் யோசித்தால் பை வாங்கவே முடியாது. ஆகவே யோசிப்பதை நிறுத்தினேன்.

நிறுத்தியதும்தான் அந்தக் குழாயின் அருமை புரிந்தது. நம் வீடுகளில் தண்ணீர் குடிப்பது அண்ணாந்து. செம்பு உதட்டில் பட்டால் அது எச்சில். எங்கள் கோஷ்டியிலும் ஒரு போத்தல் எடுத்தால் ஏழு பேர் அண்ணாந்து குடித்து, காலிப் போத்தலை உரியவனிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார்கள். லம்பாக் அடிவாரத்தில் வாங்கிய போத்தலில் உச்சிவரை எனக்கு மூடிதான் மிஞ்சும். இந்தக் குழாயோ, வாயில் வைத்துக் கடித்தால்தான் தண்ணீர் தரும். பல் படாமல் ஒரு சொட்டு வராது. மலேசியத் தமிழர் கூட்டத்தில் யாரும் இரவல் கேட்க முடியாத தண்ணீர் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான்! டெக்சாஸ்காரர் வெயிலுக்காகக் கண்டுபிடித்தார். எனக்கு அது மச்சானுக்காகவே கண்டுபிடித்ததாகப் பட்டது.

ஆனால் தண்ணீரில் கிடைத்த லாபம் பையில் போய்விடும் போலிருந்தது. நாற்பது லிட்டர் கொள்ளளவு என்று பெருமையாகக் கோஷ்டியின் வாட்சப் குழுவில் படம் போட்டுவிட்டேன். அன்று மாலைக்குள் நாற்பதும் நிரம்பிவிட்டது. வாத்தியார் தம் பிபி மாத்திரையையும் மடக்கு நாற்காலியையும் ஒதுக்கிவிட்டார். அண்ணி எல்லாருக்குமாக நாசி லெமாக் கட்டித் தருவதாகச் சொன்னார், சம்பல் தனி டப்பாவில். யாரோ குடை என்றார்கள். லேடாங்கில் குடை! மச்சான் தன் பைக்குப் பதிலாக ஒரு கேள்வி அனுப்பினான்: "மாமா, உங்க பையில வெளியிலயும் பட்டை இருக்குல்ல?" நூல் தடிமன், பட்டை அகலம், ஜிப் தரம் என்று ஆயிரம் சொல்வார்கள். ஒரு தமிழன் பை வாங்கும்போது எண்ண வேண்டியது சொந்தக்காரர்களைத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அது குடிக்கக் குடிக்கக் குறையும். அண்ணியின் சம்பல் உச்சிவரை அதே எடைதான்.

மறுநாள் தவுக்கேயிடம் போய், குழாயும் மூன்று லிட்டர்ப் பையும் அப்படியே இருக்கட்டும், வெளிப்பை மட்டும் பத்து லிட்டரில் வேண்டும் என்றேன். ஒரு துண்டு, ஒரு மழைச்சட்டை, என் பங்கு நாசி லெமாக் மட்டும் பிடிக்கும் அளவு. நிறம் ஆரஞ்சு. "இது அஸ்கார் பை இல்லையே" என்று அவர் வருத்தப்பட்டார்.

வீட்டில் உள்பையைக் கழுவி, நம் புழுக்கத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க ஃப்ரீசரில் வைத்தேன். அது எல்லாரும் சொல்கிற முறைதான். மறுநாள் காலை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். தெங்கிரி மீன் வாசம். மனைவியிடம் சொன்னேன். "மூணு லிட்டருக்கு நான் எங்க இடம் ஒதுக்குறது? மீன்தான் முதல்ல வந்துச்சு" என்றாள். பையைத் திருப்பிப் பார்த்தாள், மழை உறையை எடுத்து மாட்டிப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது.

"மலையில மழை பிடிச்சா?" என்று கேட்டேன்.

"உறையைப் பைக்குப் போடுங்க. நானூறு வெள்ளி. நீங்க நனைஞ்சா காஞ்சிருவீங்க."