ஒன் கவலையில தண்ணி வருதா, பேராண்டி?

வா அப்பு, வா. திண்ணையில ஒக்காரு. ரெண்டு போனையும் ரெண்டு பக்கமும் வச்சுக்க. ஒண்ணு கத்தலைன்னா இன்னொண்ணாச்சும் கத்தும். மூஞ்சி ஏன் சுண்டிப்போயிக் கெடக்கு? மோட்டார் போடப் போயி இன்னைக்கும் கரண்டு வரலையா? புங்க மரத்தடியில ரெண்டு மணி நேரம் வீணாப் போச்சா? அடப் பாவமே! நம்மூரு கரண்டு லட்சணம் அதுதான். நாளைக்கும் போயிப் பாரு.

பொங்கலுக்கு வந்தவன் மூணு நாளா "ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெஸ்"ங்குற. ஒங்க அப்பத்தாளுக்கு அது என்னன்னு வெளங்கல. "பயலுக்கு என்னமோ சேரலையாம், கசாயம் வைக்கவா, கூட்டிட்டுப் போயி மந்திரிக்கவா"ன்னு கேக்குறா. "அது சளியும் இல்ல, காத்துக்கருப்பும் இல்லடி. சம்பளத்தோட சேத்துக் குடுக்குற சாமான்"னு சொல்லி வச்சிருக்கேன்.

காலையில பாத்தேனே. எந்திரிச்சதும் கைக்கடியாரத்தைப் பாத்துட்டு, "அய்யய்யோ, ராத்திரி நான் சரியாத் தூங்கலையாம்"னு ஒக்காந்த. நீ போட்ட கொறட்டையில எறவானத்துக் குருவி எடத்தைக் காலி பண்ணிருச்சு. ஆனா கடியாரம் 62 மார்க்குதான் போட்டுச்சாம். தூக்கத்துக்குப் பரிச்சை வச்சு, மார்க்கு கொறஞ்சதுக்குக் கவலைப்பட்டு, அந்தக் கவலையில மறுநாத் தூக்கத்தையும் விடுற கெட்டிக்காரனை இப்பத்தான் பாக்குறேன். போதாததுக்குப் போன்ல ஒண்ணு வச்சிருக்க. நாளைக்கு நாலு தடவை "மூச்சு விடு, மூச்சு விடு"ங்குது. அதுக்குப் பேரு ஆப்பாம். பேரு வச்சவன் நாணயமானவன், உள்ளதைச் சொல்லித்தான் வச்சிருக்கான். நான் 78 வருசமா யாரும் ஞாபகப்படுத்தாமத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்.

சரி, கமலை பாத்திருக்கியா? எங்கிட்டுப் பாத்திருப்ப! கெணத்துத் தண்ணியை மாடு கட்டி எறைக்குறது. கோயமுத்தூருப் பக்கம் அதையே "கவலை"ம்பாக. அவுக கவலை ஓட்டுனா சாலு நெறையத் தண்ணி வந்து வாய்க்கால்ல கொட்டும். ஒங்கூருல நீ ஓட்டுற கவலையில என்ன கொட்டுது? தலைமுடிதானே?

வேடிக்கை இல்லடா, கேளு. ரெண்டு மாடும் சரிவுல எறங்குறப்ப வடம் விண்ணுன்னு நிக்கும். சாலு மேல வந்து தண்ணியைக் கொட்டுனதும் மாடு திரும்பாது, அப்படியே பின்னால அடி வச்சு மேல ஏறும். அப்ப வடம் தொய்ஞ்சு தரையில கெடக்கும், காலிச் சாலு கெணத்துக்குள்ள எறங்கும். எறங்குறது வெரசா நடக்கும், ஏறுறது பையத்தான் நடக்கும். அந்தத் தொய்வுலதான் மாடு மூச்சு வாங்கும், ஓட்டுறவன் பாட்டுப் பாடுவான். இழுக்குறதுல மாடு சாகாதுடா. வடம் தொய்யாத கமலையை எந்த மாடும் ஒரு பொழுது தாங்காது. ஒன் வடம் எப்பத் தொய்யுது, சொல்லு பாப்போம்.

நேத்து வாய்க்கா ஓரத்துல சாரைப்பாம்பைப் பாத்துட்டுத் துள்ளுன பாரு! ஒங்க கம்பெனி ஓட்டப்பந்தயத்துல அப்படி ஓடியிருந்தா கப்பு வாங்கியிருப்ப. நெஞ்சு படபடன்னு அடிச்சுது, வாய் வறண்டுச்சு, தின்ன பொங்கல் வயித்துல அப்படியே நின்னுச்சு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா எனக்கு இதை வெவரமாச் சொன்னாக. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி கவுத்தாப்புல ரெண்டு சுரப்பி இருக்காம். ஆபத்துன்னா மொதல்ல அட்ரினலினை விடும், பெறகு கார்ட்டிசாலை விடும். ரத்தத்துல சர்க்கரையை ஏத்தும், ரத்த ஓட்டத்தைக் கை காலுக்குத் திருப்பும். செரிமானத்துக்கு "நீ அப்புறம் வா"ன்னு சொல்லிரும். எல்லாம் ஒன்ன ஓட வைக்கத்தான். பத்து நிமிசத்துல சாரை அது பாட்டுக்குப் போச்சு, நீயும் சிரிச்ச. வடம் விண்ணுன்னு நின்னு தொய்ஞ்சிருச்சு. அது நல்ல கமலை.

ஆனா ராத்திரி ஒம்போது மணிக்கு ஒங்க மேனேஜரு "நாளைக்குப் பேசணும்"னு ஒத்தவரி அனுப்புனாரே, அந்தப் பாம்பு எங்கிட்டும் போகல. மெத்தையில ஒன் தலைமாட்டுலதான் படுத்துக் கெடந்துச்சு. அதுக்கு விசம் கெடையாது, பல்லும் கெடையாதுன்னு ஒனக்குத் தெரியும். அந்தச் சுரப்பிக்குத் தெரியாதே! அது சாரைக்கும் மேனேஜருக்கும் ஒரே ஊத்துத்தான் ஊத்தும்.

நான் எட்டாங்கிளாஸ்தான். ஆனா நம்மூரு கிளை நூலகத்துல பேனுக்கடியில ஒக்காருறதுக்காகவே பாதிப் புஸ்தகத்தைப் படிச்சவன். ஹான்ஸ் செல்யேன்னு ஒருத்தர், கனடாவுல மாண்ட்ரியால்ல ஆராய்ச்சி பண்ணவரு. 1936ல "நேச்சர்" பத்திரிகைக்குச் சின்னதா ஒரு கடுதாசி எழுதுனாரு. எலிகளைக் குளிர்ல வச்சாலும், கத்தி வச்சாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், மருந்தைக் குத்துனாலும் உள்ள நடக்குறது ஒண்ணுதானாம். அந்தத் தொப்பிச் சுரப்பி வீங்கும், வயித்துல புண்ணு வரும். பாடு எதுவானாலும் ஒடம்புக்குக் கணக்கு ஒண்ணுதான். பாவம், அந்த எலி மாசச் சம்பளம்கூட வாங்கல.

இன்னொரு கூத்து கேளு. 1967ல ஹோம்ஸ், ராகேன்னு ரெண்டு அமெரிக்க டாக்டருக மனுசப்பாட்டுக்கெல்லாம் மார்க்குப் போட்டாக. மொத்தம் 43 சங்கதி. புருசனோ பொஞ்சாதியோ செத்தா 100. ஜெயிலுக்குப் போனா 63. மாமியா வீட்டு வகையறாவோட தகராறு 29. மேலதிகாரியோட தகராறு 23. நல்லது நடந்தாலும் மார்க்கு உண்டு. கல்யாணத்துக்கு 50, லீவு போட்டு ஊரு சுத்துனா 13. கூட்டிப் பாரு. கல்யாணத்தை முடிச்சு ஊட்டிக்குப் போனா 63. கணக்கு நேரா ஜெயில்ல வந்து நிக்குது! இதை வாசிச்சுக் காட்டுனதுக்கு ஒங்க அப்பத்தா எனக்கு அன்னைக்குக் காப்பித் தண்ணி தரல. நான் ஊட்டிக்கே போகலையேடின்னு கெஞ்சிப் பாத்தேன். "அதுக்குந்தான் இது"ன்னுட்டா.

என்னைய ஞானின்னு நெனச்சிராத. நம்ம மேக்காட்டு வரப்பு இருக்குல்ல, அதுல ஒரு முழ அகலத்துக்கு ஒம்போது வருசம் கோர்ட்டுக்கு நடந்தேன். பக்கத்துக் காட்டுக்காரன் கெணத்தடியில இருமுனாக்கூட என்னையத் திட்டுறான்னு தோணும். ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டே வாதாடுவேன். ஒரு வாய்தாவுலகூடத் தோத்ததில்ல. காலையில எந்திரிச்சா கழுத்து மரத்துக் கெடக்கும். கடைசியில அளந்து விட்டாக. பாதி முழம் அவனுக்கு, பாதி முழம் எனக்கு. அதுல வெள்ளாமை என்னன்னு கேளு. எனக்குப் பிரஷரு, அவனுக்குச் சக்கரை. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி வரிசையில நின்னு மாத்திரை வாங்குறோம். எவன் முன்னால நிக்கிறதுன்னு அங்கயும் ஒரு தகராறு.

கோர்ட்டுக்கு நடந்த அந்தக் காலத்துல மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தேன். கரண்டு எந்நேரம் வந்தாலும் அதுவா ஓடும். கெட்டிக்காரத்தனம்னு நெனச்சேன். ஒரு கோடையில கெணறு வத்திருச்சு. மோட்டாருக்கு அது தெரியுமா? ராவெல்லாம் தண்ணியில்லாம ஓடி, காயில் கருகிப்போச்சு. காயில் கட்டுறவரு அதைப் பிரிச்சுப் பாத்துட்டு, "மோட்டார் மேல குத்தம் இல்லய்யா, நிறுத்த ஆளு இல்ல"ன்னாரு. நெனச்சுப் பாத்தேன், நானும் அப்படித்தான் ராவெல்லாம் ஓடிக்கிட்டு இருந்தேன்.

அதனால, கேக்குறதுன்னா கேளு. கேக்காட்டி ஸ்ட்ரெஸ்ஸு குறைக்குறதுக்குன்னு ஒங்கூருல நடத்துவானே வகுப்பு, அங்கிட்டுப் பணத்தைக் கட்டி இதையே இங்கிலீசுல கேளு.

கவலைக்குன்னு ஒரு சந்தை நாள் வையி. நம்மூருச் சந்தை வாரத்துல ஒருநாத்தான் கூடுது. மத்த நாள்ல எவனாச்சும் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தா விடுவோமா? அந்திக்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்கு. பேப்பரை எடு, என்னென்ன கவலைன்னு எழுது. கையால ஆகக்கூடியதுக்கு என்ன பண்ணப் போறன்னு பக்கத்துல எழுது. நடுராத்திரியில எந்தக் கவலை வந்து கதவைத் தட்டுனாலும் "சந்தை கலைஞ்சிருச்சு, நாளைக்கு வா"ன்னு அனுப்பிவிடு. வரும், போகும். நாலு தடவை ஏமாந்தா அதுவும் கொறைச்சுக்கும்.

நாலு மணிக்கு மேல காப்பியை விடு. குடிச்ச காப்பியில பாதி வீரியம் எறங்கவே அஞ்சு மணி நேரம் போல ஆகும்னு டாக்டரம்மா சொன்னாக. ஏழு மணிக்கு டம்ளரு நெறையக் குடிச்சுட்டு, நடுச்சாமத்துல மோட்டு வளையை எண்ணிக்கிட்டு "தூக்கம் வரலை தாத்தா"ங்குற. எப்படி வரும்? வாசல்ல காப்பி காவல் நிக்கிது.

அந்தப் போனைத் தலைமாட்டுல வைக்காத. ஆட்டுக்குட்டியைக்கூட நாங்க பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்துட்டுத்தான் படுப்போம்.

மூச்சுக்கு ஆப்பு வேண்டாம், கமலையை நெனச்சுக்க. இழுக்குறப்ப நாலு எண்ணு, விடுறப்ப ஆறு எண்ணு. மாடு பின்னால ஏறுறாப்புல பைய விடு. விடுற மூச்சு நீண்டா நெஞ்சுத் துடிப்பு தணியும். அஞ்சு நிமிசம் போதும். பஸ்ஸுல ஒக்காந்தும் பண்ணலாம், மேனேஜரு பேசுறப்பவும் பண்ணலாம். அவரு நீ கவனமாக் கேக்குறன்னு நெனச்சுக்குவாரு.

இம்புட்டு நேரம் கேலி பண்ணேன். இது ஒண்ணு மட்டும் கேலி இல்ல, அப்பு. வாரக்கணக்குல தூக்கமும் இல்ல, சோறும் எறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லன்னா, இந்தக் கெழவன் பேச்சு அதுக்கு மருந்து இல்ல. டாக்டரைப் பாரு. 14416க்கு எந்நேரம் கூப்புட்டாலும் பேசுவாக, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. கால் ஒடிஞ்சா கட்டுப் போடுறதுல யாருக்கும் வெக்கம் இல்ல. இதுக்கு மட்டும் என்ன வெக்கம்?

என்ன, எந்திரிச்சுட்ட? நாளைக்குக் கெணத்துக்குப் போக மாட்டியா? கரண்டும் இல்ல, டவரும் கெடைக்கல, ரெண்டு மணி நேரம் வேலையத்துப் போயி மரத்தடியில தூங்கிட்டேங்குறியா? வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குனியாம், ஆடு மேய்க்குற பய வந்து சொன்னான். ஆமா, அந்தத் தூக்கத்துக்கு ஒன் கடியாரம் எத்தனை மார்க்குப் போட்டுச்சு?

சரி, ஒளிவு மறைவு எதுக்கு. மூணு நாளும் கரண்டு டாண்ணு வந்துச்சுடா. ஸ்டார்ட்டர் பொட்டி எது, பீஸ் பொட்டி எதுன்னு ஒனக்குத் தெரியாதுங்குற தைரியந்தான் எனக்கு. இந்தா பாரு, மூணு பீஸ் கட்டையும் என் மடியிலதான் இருக்கு.